பவர் பேங்க்கைக் காப்பாற்றும் 200 வருஷக் கணக்கு: யார் இந்த ஜார்ஜ் ஓம்?

பவர் பேங்க், டார்ச், ப்ளூடூத் ஸ்பீக்கர்னு லித்தியம் பேட்டரியில ஓடுற பெரும்பாலான கருவிகளைப் பிரிச்சுப் பார்த்தால், உள்ளே சின்னதா ஒரு பாதுகாப்பு சிப் இருக்கும். ப்ளஸ்ஸும் மைனஸும் நேரடியா ஒட்டி ஷார்ட் சர்க்யூட் ஆனால், கண் இமைக்கிறதுக்குள்ள கரண்ட்டைத் துண்டிப்பது இதோட வேலை. அது போடுற கணக்கைக் கண்டுபிடிச்சவர் ஒரு பள்ளி ஆசிரியர்.

ஜார்ஜ் சைமன் ஓம், 1789 மார்ச் 16-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். அப்பா பூட்டுத் தொழிலாளி. பெரிய படிப்பு இல்லாத மனிதர், ஆனால் தானே கணிதம் கற்று மகன்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். கல்லூரிக்குப் போன ஓமோ நடனம், ஐஸ் ஸ்கேட்டிங், பில்லியர்ட்ஸ் என்று சுற்ற, கோபப்பட்ட அப்பா படிப்பை நிறுத்தி 1806-ல் சுவிட்சர்லாந்துக்கு வாத்தியார் வேலைக்கு அனுப்பிவிட்டார். பிறகு ஊர் திரும்பி, 1811-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் வேலை. அங்கே ஆய்வுக்கூடம் இருந்ததுதான் அவரது அதிர்ஷ்டம். ஆனால் அந்தக் கால பேட்டரிகளோட வோல்டேஜ் நிலையா நிற்காது. அளக்க அளக்க மாறும். பிஸ்மத், செம்பு ரெண்டையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மின்சாரம் எடுத்தார். வேறு வேறு நீளக் கம்பிகளில் அளந்ததும் விடை கிடைத்தது: வோல்டேஜை மின்தடையால் வகுத்தால் கரண்ட்.

இதை வைத்துப் பார்த்தால் ஷார்ட் சர்க்யூட் ஏன் ஆபத்துனு புரியும். 3.7 வோல்ட் லித்தியம் செல்லின் உள்தடை 0.05 ஓம் என்று வைங்க. நேரடியா ஷார்ட் ஆனால் 74 ஆம்பியர் பாயும்!

சிப் தேர்ந்தெடுக்கிறதும் இதே கணக்குதான். பரவலாகப் பயன்படும் டிடபிள்யூ01 சிப் கரண்ட்டை நேரடியா அளக்காது. கூடவே இருக்கும் மாஸ்ஃபெட் ஜோடியின் குறுக்கே சுமார் 0.15 வோல்ட் விழுந்தால், அதிக கரண்ட் என்று முடிவு செய்யும். அந்த ஜோடியின் தடை 0.05 ஓம் என்றால் எல்லை 3 ஆம்பியர். ‘நல்ல பார்ட்டா போடுவோம்’னு பாதித் தடை உள்ள மாஸ்ஃபெட்டைப் போட்டால்? எல்லை சத்தமில்லாம 6 ஆம்பியராகிடும். பலர் கவனிக்காம விடுற இடம் இது. சூடானால் மாஸ்ஃபெட்டின் தடை கூடும், எல்லை குறையும். துல்லியம் வேணும்னா தனி சென்ஸ் ரெசிஸ்டர் வெச்ச சிப்தான் சரி. மோட்டார் இருக்கும் கருவி என்றால், ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்ட்டையே ஷார்ட்னு நினைக்காத அளவுக்குத் தாமத நேரமும் இருக்கணும்.

ஓம் கதைக்கு வருவோம். 1827-ல் அவர் புத்தகம் வெளிவந்தபோது சொந்த நாட்டிலேயே பெரிய வரவேற்பு இல்லை. மனமுடைந்து கொலோன் வேலையை விட்டார். பெர்லினில் சொற்பச் சம்பளத்தில் பாடம் நடத்தினார். 1833-ல்தான் நியூரம்பெர்க்கில் பேராசிரியர் வேலை கிடைத்தது. (இங்கிலாந்தின் கேவென்டிஷ் இதே உறவை முன்பே கண்டும் வெளியிடாமல் வைத்திருந்தார் என்பது தனிக்கதை.)

1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி, காப்லி பதக்கம் கொடுத்தது. ஆசைப்பட்ட மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி 1852-ல் வந்தபோது அவருக்கு வயது 63. இரண்டே ஆண்டுகளில், 1854 ஜூலை 6-ல் காலமானார். 1881-ல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு அவர் பெயரை ஏற்றது.