மா. கிருஷ்ணன்

மா. கிருஷ்ணன் (சூன் 30, 1912 - பெப்ரவரி 18, 1996) தமிழகத்தைச் சேர்ந்த இயற்கையியலாளரும் எழுத்தாளரும் காட்டுயிர் ஒளிப்படக் கலைஞரும் ஆவார். பத்மாவதி சரித்திரம் என்னும் புதினத்தை எழுதிய அ. மாதவையாவின் கடைசி மகன்.

வாழ்க்கைச் சுருக்கம்

திருநெல்வேலியில் பிறந்த கிருஷ்ணன் சென்னை மயிலாப்பூரில் வளர்ந்தார். அக்காலத்தில் அப்பகுதியில் புதர்க்காடுகள் மிகுந்திருந்தன. இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, பேராசிரியர் பைசனிடம் தாவரவியல் கற்றார். சட்டமும் படித்தார். 1942இல் சண்டூர் சமஸ்தானத்தில் பணிக்குச் சேர்ந்து ஆசிரியர், நீதிபதி, அரசரின் அரசியல் செயலர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்த பின்னர் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் ஒளிப்படத்தையுமே தொழிலாகக் கொண்டார். வேறு வேலை எதையும் நாடவில்லை.

ஒளிப்படக் கலை

கிருஷ்ணன் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். ஒரு கருவியின் உடற்பகுதியுடன் வேறொன்றின் தொலைநோக்கு வில்லையைத் தாமே இணைத்து அமைத்த பெரிய ஒளிப்படக் கருவி அவருடையது. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். அதைப் பார்த்து வியந்த இயற்கையியலாளர் ஈ. பி. ஜீ, அதைக்கொண்டு படம் எடுக்க முடிவதே பெரிது எனக் கருதினார்.

காட்டில் தொலைவிலுள்ள விலங்கைப் பெரிதாகக் காட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. வில்லைக்கும் கருவிக்கும் இடையே இருமடங்கு டெலிகன்வர்ட்டரைப் பொருத்தினால் குவியத்தூரம் இரட்டிக்கும். ஆனால் படச்சுருளை அடையும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எஃப்/4 வில்லை எஃப்/8 ஆகவே செயற்படும். 1/125 நொடியில் எடுக்கக்கூடிய படத்துக்கு ஏறத்தாழ 1/30 நொடி தேவைப்படும். மரநிழலில் காதை அசைத்து நிற்கும் யானையின் படம் அந்நேரத்தில் கலங்கிவிடும். வில்லையின் குறைகளும் கூடவே பெரிதாகும்.

தூரத்தைக் குறைக்க இயலுமாயின் இச்சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. கிருஷ்ணன் முதுமலைக் காடுகளில் பழக்கப்பட்ட யானையின் மீதமர்ந்து காட்டு யானைகளை நெருங்கினார். விலங்கின் போக்கை அறிந்து காத்திருந்தார். இது எளிய வழியன்று, ஆபத்து நிறைந்தது. அழகைவிட, விலங்கின் இயல்பைப் பதிவு செய்வதே அவரது நோக்கமாயிருந்தது. ஆகவே அவருடைய படங்கள் அறிவியல் சான்றுகளாகவும் பயன்படுகின்றன.

எழுத்தும் பணிகளும்

கொல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் இறக்கும் வரை 46 ஆண்டுகள் 'கண்ட்ரி நோட்புக்' என்னும் பத்தியை எழுதினார். இந்தியப் பத்திரிகை உலகில் இத்தகைய நீண்ட தொடர் அரிது. நேரு ஆய்வு நல்கை பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை ஆராய்ந்தார். அவ்வாய்வு 1975இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தால் நூலாக வெளியிடப்பட்டது. அயல்நாட்டு மரங்களை நடுவதை வன்மையாக எதிர்த்தார்.

தமிழிலும் கட்டுரைகள் எழுதியுள்ளார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' அவரது புதினம். தமிழ்க் கட்டுரைகளைப் பின்னர் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக்கினார்.

1970இல் பத்மசிறீ விருது பெற்றார். அவருடைய ஒளிப்படங்களும் கட்டுரைகளும் அடங்கிய 'ஐ இன் த ஜங்கிள்' என்னும் ஆங்கில நூல் 2006இல் வெளிவந்தது.