ஏரியைத் தந்த பொறியாளர் கர்னல் பென்னிகுயிக்

தேக்கடியில் படகேறுவோர் முதலில் காண்பது, நீருக்கு மேலே தலை நீட்டி நிற்கும் பட்ட மரங்களையே. நீர்க்காகங்கள் சிறகுலர்த்தும் அம்மரங்கள் ஒரு காலத்தில் அடர்ந்த காட்டில் தழைத்து நின்றவை. அக்காட்டுப் பள்ளத்தாக்கைப் பெரியாற்று நீர் மூடியது 1895ஆம் ஆண்டையொட்டி. யானைக் கூட்டம் தென்படாதா என்று கரையையே நோக்கியிருக்கும் பயணிகளுள், தாம் மிதந்து செல்லும் ஏரி மனிதர் ஆக்கியது என்று அறிந்தோர் சிலரே. அதனை ஆக்கியவரின் வாழ்வை அறிந்தோர் அவரினும் சிலர்.

ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15ஆம் நாள் புனேயில் பிறந்தார். தந்தையார் ஆங்கிலப் படையில் பிரிகேடியர். காஷ்மீர மலைகளிலிருந்து இறங்கி வரும் ஜீலம் நதிக்கு அருகே, 1849 ஜனவரி 13 அன்று சிலியன்வாலா போர் நடந்தது. அப்போரில் தந்தையாரும் மூத்த சகோதரர் அலெக்சாண்டரும் ஒரே நாளில் மாண்டனர். சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டு நாள்கள் இருந்தன. அடிஸ்கோம்பு இராணுவக் கல்லூரியில் பயின்று, 1858இல் சென்னைப் பொறியாளர் படையில் அதிகாரியாகி, 1860இல் இந்தியா திரும்பினார். வாள் பிடித்த குடும்பத்தில் வந்தவர் அளவுக்கோலைப் பிடித்தார்.

மேற்கே கடலில் வீணாகும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை அதனை ஆராய்ந்து, பொருள் போதாமையால் கைவிட்டார். 1808இல் ஆய்ந்த கால்டுவெல் என்னும் ஆங்கிலப் பொறியாளர் இது கைகூடாத கனவு என்று எழுதிவிட்டார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்திற்குப் பின்னரே அரசு மீண்டும் இத்திட்டத்தை நாடியது. 1882இல் திட்டத்தைத் திருத்தியமைக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசு 8,000 ஏக்கர் நிலத்தை 999 ஆண்டுக் குத்தகைக்கு அளித்தது; பணி 1887இல் தொடங்கியது.

அந்தப் பணியின் அருமையை இன்று சாலை வழியே குமுளிக்கு ஏறுவோர் உணர்தல் அரிது. மிக அண்மையிலிருந்த ரயில் நிலையம் அம்மையநாயக்கனூர். அங்கிருந்து மாட்டு வண்டிகளில் கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து, மலையில் கம்பிவடத்தில் ஏறி, காட்டுக்குள் படகிலும் சென்ற பின்னரே பொருள்கள் அணையைச் சேர்ந்தன. தற்காலிகக் கரைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. கோடையில் காட்டுக் காய்ச்சல் பரவியதால் ஆண்டுதோறும் சில திங்கள் வேலையே நின்றது. மலேரியாவும் காலராவும் நூற்றுக்கணக்கான தொழிலாளரை மாய்த்தன. சுண்ணாம்பும் சுர்க்கியும் கருங்கல்லும் கொண்டு எழுந்த அணையின் உயரம் ஆற்றுப் படுகையிலிருந்து 155 அடி, நீளம் 1,241 அடி. மலையைக் குடைந்த சுரங்கம் ஏறத்தாழ 5,700 அடி. 1895 அக்டோபர் 10 அன்று ஆளுநர் வென்லாக் பிரபு தண்ணீரைத் திறந்துவிட்டார்.

இங்கிலாந்திலிருந்த தம் சொத்துகளை விற்று அணையை முடித்தார் என்னும் செய்தி நம் பகுதியில் வீட்டுக்கு வீடு வழங்குகிறது. அதற்கு ஆவணச் சான்று கிடைக்கவில்லை. பணி நடந்தது அரசின் செலவில். ஆயினும் இக்கதையைப் பொய்யென்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை. மனைவியின் நகையை விற்றுக் கிணறு தோண்டுகிற உழவனுக்கு, தண்ணீர் தந்த ஒருவரை வேறு எவ்வாறு நினைக்கத் தோன்றும்? வெள்ளம் கொண்டுபோன இடத்திலேயே மறு ஆண்டும் கல் வைத்த அவருடைய உறுதிக்கு எவ்விதக் கதையும் துணை வேண்டியதில்லை என்பது வேறு.

ஓய்வுபெற்றபின் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியற் கல்லூரித் தலைவராக 1896 முதல் 1899 வரை இருந்தார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்க ஆலோசனை கூறவும் சென்றார். மனைவி கிரேஸ், பிள்ளைகள் அறுவர், அவருள் ஐவர் பெண்கள். 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் காலமானார்.

மலையைக் குடைந்து வந்த நீர் வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு கலந்து, வைகையைச் சேர்கிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று சாலையோரம் விரியும் 14,707 ஏக்கர் இருபோக வயல்கள் அந்நீரை உண்டவை. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வரை அதன் பயன் நீள்கிறது. 1934இல் ஏரியைச் சூழ்ந்த காடு வனவிலங்குப் புகலிடமாயிற்று. 1978இல் புலிகள் காப்பகமாயிற்று. பயணிகள் தேடி வரும் எழில், உழவுக்காகத் தேக்கிய நீரின் உடன்விளைவு.

லோயர் கேம்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. 2022இல் கேம்பர்லியில் தமிழ்நாட்டின் சார்பில் சிலையும் நிறுவப்பட்டது. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. உழவர் வீடுகளில் பிள்ளைகளுக்கும் அப்பெயர் உண்டு. அவர் பிறந்த நாள் பொங்கலை ஒட்டி வருவதால், பாலார்பட்டி மக்கள் அவர் படத்தின் முன் புதுப்பானை ஏற்றுகின்றனர். அணையருகே காட்டுக்குள் அக்காலக் கல்லறைத் தோட்டம் ஒன்றும் இருக்கிறது. படகுகள் அங்குச் செல்வதில்லை.