துணை நின்ற அன்னை

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

பட்டம் பெற்ற மறுநாள் மருத்துவருக்கு எல்லாம் தெரிந்துவிடுமா? போடிமெட்டுச் சரிவில் ஏலக்காய் பறிக்கும் என் தாயைப் போன்றோர், தெரியும் என்றே நம்புவர். ஆயினும் முதல் இரவுப் பணியில் தனித்து நிற்கும் இளம் மருத்துவரின் நெஞ்சம் படும் பாட்டை யார் அறிவார்? அதைத் தம் வாழ்வில் பட்டு அறிந்தவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் மருத்துவக் குடும்பத்தில் பிறந்தார். மருத்துவராகும் எண்ணமே அவருக்கு முதலில் இல்லை. திண்டிவனத்தில் ஓர் இரவு, பேறுகால வேதனையில் தவித்த தம் மனைவியரைக் காக்க வேண்டி மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். ஆண் மருத்துவரான அவர் தந்தையை அனுமதிக்க வழக்கம் இடம் தரவில்லை. ஐடாவோ மருத்துவம் அறியாதவர். பொழுது விடியுமுன் மூன்று பெண்களும் மாண்டனர். அவ்விரவே அவர் வாழ்வைத் திருப்பியது.

அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் வந்தார். அனுபவமிக்க தந்தையின் அருகிருந்து தொழில் பழகலாம் என்ற நம்பிக்கையோடு வந்தவருக்குப் பேரிடி காத்திருந்தது. சில மாதங்களிலேயே தந்தை மறைந்தார். ஐயம் வந்தால் கேட்க அருகில் ஆளில்லை. இளம்பெண்ணை நம்பி நோயாளிகளும் எளிதில் வரவில்லை. எனினும் அவர் ஓடிவிடவில்லை. வீட்டின் சிறு அறையில் ஒற்றைக் கட்டிலோடு பணியைத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது.

தாம் பட்ட தனிமை பிறருக்கு வேண்டாம் என்று எண்ணினார் போலும்! 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கித் தாமே பாடம் நடத்தினார். மாணவியர்க்கு ஆசிரியையாக மட்டுமன்றி அன்னையாகவும் விளங்கினார். 1922இல் முதல் அணியாக 14 பெண்கள் தேறி வெளிவந்தனர். அப்பள்ளியே இன்றைய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. ஆசிரியர் குடும்பங்கள் மாணவர்களை வளர்ப்புப் பிள்ளைகளாக ஏற்கும் மரபு அங்கு உண்டு. பயின்று முடித்த பலர் சிற்றூர் மருத்துவமனைகளில் பணியாற்றச் செல்கின்றனர். அங்கே தடுமாறும்போது, முன் சென்றவரின் ஒரு சொல் எத்தகைய ஆறுதல்!

1960 மே மாதம், நம் மலைக்கு அடுத்த கோடைக்கானல் மலையில், 89ஆம் வயதில் அம்மையார் மறைந்தார்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். முதலாண்டில் ஆங்கிலப் பாடம் புரியாமல், ஊருக்கே திரும்பிவிட எண்ணி பஸ் நிலையம்வரை சென்றேன். மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவர் அழைத்துவந்து, தம் குறிப்பேட்டைக் கொடுத்து, தாமும் அழுத கதையைச் சொன்னார். அதனால் இன்று இதை எழுதுகிறேன். பிறர் உயிரைக் காக்கும் மருத்துவருக்கும் இத்தகைய ஓர் அக்கா வேண்டும், அண்ணன் வேண்டும். அச்சத்தைச் சொல்வது இழுக்கன்று. கேட்க ஆளில்லாமையே இழுக்கு.

தோழர்களே! இவ்வாண்டு வந்துள்ள புதியவர் எவரேனும் கடைசி இருக்கையில் தனித்து அமர்ந்திருப்பார். அவர் அருகே சென்று அமர்வோம். அதுவே அன்னைக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.