வூப்பர் பள்ளத்தாக்கும் எங்கெல்சின் உருவாக்கமும்

பிரெடரிக் எங்கெல்சின் சமூகப் பார்வை மான்செஸ்டரில் தோன்றியது என்பது பொதுவான கருத்து. அவர் பிறந்த ஊரின் வரலாறு இக்கருத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. இன்றைய ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் அடங்கிய பார்மனில், 1820 நவம்பர் 28 அன்று, துணித்தொழில் முதலாளி ஒருவரின் மூத்த மகனாக அவர் பிறந்தார். சாயப்பட்டறைக் கழிவால் வூப்பர் ஆறு சிவந்தோடியதையும், இறைப்பற்று மிக்க முதலாளிகளின் ஆலைகளில் சிறுவர்கள் உழைத்து நலிந்ததையும் நேரில் கண்டார். 1839இல், தம் பதினெட்டாம் வயதில், அவற்றைப் பெயர் மறைத்து ஹாம்பர்க் இதழொன்றில் எழுதினார். மான்செஸ்டருக்கு அவர் சென்றது 1842இல். இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை குறித்த நூல் வெளிவந்தது 1845இல். 1849 மே மாத எழுச்சியின்போது துணைநிற்க வந்த அவரை, அண்டை நகரான எல்பர்ஃபெல்டின் பாதுகாப்புக் குழுவே வெளியேறுமாறு பணித்தது. அவர் 1895இல் இலண்டனில் மறைந்தார். எனவே, மான்செஸ்டர் அவரது பார்வையை விரிவாக்கிய களம். அதன் தோற்றுவாய் வூப்பர் பள்ளத்தாக்கே எனத் துணியலாம்.