ஐடா ஸ்கடர்: தனக்குப் பிறகு யார் என்று முதலிலேயே யோசித்த டாக்டர்

செஞ்சிப் பக்கத்துக்காரர்கள் பெரிய வியாதி என்றால் பாண்டிச்சேரி ஜிப்மருக்குப் போவார்கள். இல்லாவிட்டால் சேத்துப்பட்டு, ஆரணி வழியாக வேலூர் சிஎம்சிக்கு பஸ் ஏறுவார்கள். அந்த வேலூர் ஆஸ்பத்திரிக்கு வித்து விழுந்தது வேலூரில் அல்ல. செஞ்சிக் கோட்டையிலிருந்து கிழக்கே முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத திண்டிவனத்தில்.

ஐடா சோபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா 1819-லேயே இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷனரி டாக்டர். அப்பாவும் டாக்டர். ஆனால் ஐடாவுக்கு இந்தத் தொழிலில் துளியும் ஆசை கிடையாது. அமெரிக்காவில் படிப்பு முடித்தவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் திண்டிவனம் வந்தார். பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம்.

அப்போதுதான் ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறு சாதி இந்து. மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வலி. அப்பாவை அழைத்துப் போகச் சொன்னார் ஐடா. அந்நிய ஆண் வந்து பார்ப்பதை மூவருமே ஏற்கவில்லை. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அமெரிக்கா திரும்பிய ஐடா, 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கே பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் செட் அவருடையது. 1900 தொடக்கத்தில் கையில் பத்தாயிரம் டாலர் நன்கொடையோடு வந்து இறங்கினார். அப்பா பக்கத்தில் நின்று சில வருஷம் தொழில் பழகிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. அதே ஆண்டு மே மாதம் அப்பா போய்விட்டார். பள்ளிப் பாடத்தைப் போல வைத்தியத்தைப் புத்தகத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. கத்தி பிடிக்கும் கைக்குப் பக்கத்தில் அனுபவமுள்ள இன்னொரு கை வேண்டும். அது இல்லாமல்தான் ஐடா தொடங்கினார். ஆரம்பத்தில் நோயாளிகளும் தயங்கித் தயங்கித்தான் வந்தார்கள்.

முதல் உதவியாள் சலோமி என்ற வீட்டுப் பணியாளரின் மனைவி. அவரையே பழக்கி எடுத்தார். 1902-ல் 40 படுக்கையோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. 1909-ல் நர்ஸ் பயிற்சி தொடங்கியது. ஆனாலும் கணக்கு உதைத்தது. குடியாத்தம் சாலையில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி எத்தனை பேரைப் பார்த்தாலும், அடுத்த ஊரில் அதைவிடக் கூட்டம் காத்திருக்கும். ஒரு டாக்டரம்மா எத்தனை திண்டிவனங்களுக்கு ஓட முடியும்?

டாக்டர்களையே உருவாக்குவது என்று முடிவெடுத்து, பெண்களுக்கான மருத்துவப் பள்ளிக்கு அனுமதி கேட்டார். ஆறு பேராவது சேர்ந்தால் நடத்திக்கொள்ளுங்கள் என்ற தொனியில்தான் மருத்துவத் துறைத் தலைமை அதிகாரியின் பதில் இருந்தது. விண்ணப்பங்கள் அதற்குப் பல மடங்கு வந்தன. 1918 ஆகஸ்டில் பள்ளி திறந்தது. முதல் வருஷப் பரீட்சையில் வேலூர்ப் பெண்கள் 14 பேரும் பாஸ். மாகாணத்தின் மற்றப் பள்ளிகளில் ஆண்களோ ஐந்தில் ஒருவர்தான் தேறியிருந்தார்கள்.

இந்த வெற்றிக்கு வகுப்பறை மட்டும் காரணம் இல்லை. மாணவிகளை அவர் சாலையோர முகாமுக்குக் கூடவே அழைத்துப் போவார். கட்டிப் போடுவது, சீழ் எடுப்பது, மருந்து கலப்பது எல்லாம் அவர்கள் கையால் நடக்கும். அவர் பக்கத்தில் நிற்பார். மாலையில் டென்னிஸ் மட்டையைத் தூக்குவார். அறுபதைத் தாண்டியும் ஆடினார். சிஎம்சியில் இன்றும் அவர் ‘ஆன்ட் ஐடா’தான்.

ஆனால் ஒரு குறை இருந்தது. அவர் பள்ளி கொடுத்தது எல்.எம்.பி. என்ற டிப்ளமா. எம்.பி.பி.எஸ். முடித்தவர்களோடு ஒப்பிட்டால் சம்பளமும் மரியாதையும் ஒரு படி கீழேதான். 1930-களின் இறுதியில், ராஜாஜி அமைச்சரவையில் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதார அமைச்சராக இருந்தபோது, எல்.எம்.பி. படிப்பையே நிறுத்துவது என்று முடிவானது. பல்கலைக்கழகத் தரத்துக்கு உயர வேண்டும். இல்லாவிட்டால் மூட வேண்டும். உயர்த்தப் பெரும் பணம் தேவை. மேல்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் தேவை.

எழுபது வயதில் ஐடா அமெரிக்காவுக்கு நிதி திரட்டப் போனார். அங்கே வேறொரு சிக்கல். மாணவர்களையும் சேர்த்தால்தான் போதுமான உதவி கிடைக்கும் என்ற நிலை. பல்லாண்டுகளாக அவருக்குப் பணம் திரட்டித் தந்த லூசி பீபடியோ அதைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்கென்று கொடுத்த பணம் பெண்களுக்கே போக வேண்டும் என்பது அவர் வாதம். நியாயம் இல்லாத வாதமும் அல்ல. திண்டிவனத்து இரவின் அர்த்தமே அதுதானே. ஐடா ரொம்பத் தவித்தார். கடைசியில் கல்லூரி பிழைக்கட்டும் என்ற பக்கம் நின்றார். நெடுநாள் நட்பு முறிந்தது.

1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு வந்தது. 1947-ல் மாணவர்களும் வந்தார்கள். ஐடா பொறுப்பை வேறு கைகளுக்கு விட்டிருந்தார். தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் முதல்வரானார். பிறகு விசாகப்பட்டினத்தில் பிறந்து சென்னையில் படித்த ஹில்டா லாசரஸ், கல்லூரிக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் ஆனார். இது இன்னும் முன்பே நடந்திருக்கலாம். முப்பது வருஷமாகத் தலைமை வெளிநாட்டவரிடமே இருந்தது.

1960 மே மாதம் கொடைக்கானலில் ஐடா காலமானார். அதற்குள் பக்கத்தில் நின்று பழக்கும் வழக்கம் வேலூரில் வேர் பிடித்திருந்தது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் அங்கே தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்துக்கொண்டிருந்தார். 1954-ல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாமல் போன இளம் டாக்டர் மேரி வர்கீஸிடம், உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்யலாம் என்று அவர்தான் தைரியம் கொடுத்தார். மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடி ஆபரேஷன் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1960-களில் வேலூரில் அதற்கென்றே தனித் துறையைத் தொடங்கினார்.