சிரிக்காமல் சிரிக்க வைத்தவர்

என் உம்மும்மாவுக்கு மறதி நோய் வந்து இரண்டு வருடங்களாகின்றன. ஒரே கேள்வியை அவர் பத்துத் தடவை கேட்கும்போது, தம்பியும் நானும் எங்களுக்குள் சிரித்ததுண்டு. அந்த நோயைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோதுதான் றிக்கி புல்டன் என்ற ஸ்கொட்லாந்து நகைச்சுவை நடிகரைப் பற்றி அறிந்துகொண்டேன்.

அவர் 1924ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி கிளாஸ்கோ நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்தார். 1942 நவம்பரில் அவர் பணியாற்றிய ஐபிஸ் என்ற போர்க்கப்பல் அல்ஜியர்ஸ் துறைமுகத்துக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 18. மத்தியதரைக் கடலில் ஐந்து மணித்தியாலங்கள் தத்தளித்து உயிர் பிழைத்தார். அவருடன் சென்ற பலர் கரை திரும்பவில்லை. அந்த வயதில் அத்தனை மரணங்களைக் கண்ட ஒருவர், பிற்காலத்தில் ஒரு நாட்டையே சிரிக்க வைத்தது எனக்கு வியப்பாக இருந்தது.

போருக்குப் பின் வானொலியிலும் மேடையிலும் நடித்தார். ஜெக் மில்ரோய் என்ற நடிகருடன் சேர்ந்து பிரான்சி, ஜோசி என்ற இரு வெகுளி இளைஞர்களாகத் தோன்றினார். 1962இல் அந்த இருவரும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் நாயகர்களானார்கள்.

1978இல் பீ.பீ.சீ. ஸ்கொட்லாந்தில் 'ஸ்கொட்ச் அன்ட் றை' நிகழ்ச்சி தொடங்கியது. டிசம்பர் 31ஆம் திகதி இரவு, புதுவருடத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் அவருடைய நிகழ்ச்சியைக் கூடியிருந்து பார்ப்பது வழக்கமாயிற்று. அதில் அவர் ஏற்ற வேடங்களுள் ஐ.எம். ஜொலி என்ற கிறிஸ்தவ மதகுரு மிகவும் புகழ்பெற்றவர். நான் மகிழ்ச்சியானவன் என்பதே அந்தப் பெயரின் பொருள். முகமோ மையித்து வீட்டிலிருந்து வந்தவரின் முகம்! ஆறுதல் சொல்ல அமர்ந்தவர், பெருமூச்சு விட்டுத் தன் கவலைகளையே சொல்லத் தொடங்கிவிடுவார். அவர் முகத்தில் ஒரு புன்னகைகூட வராது. பார்ப்பவர்களுக்கோ சிரிப்பை அடக்க முடியாது.

பக்கம் பக்கமாக வசனங்களை மனனம் செய்தவருக்கு, 2002இல் அல்சைமர் என்ற மறதி நோய் இருப்பது தெரியவந்தது. 2004 ஜனவரி 27ஆம் திகதி, தமது 79ஆவது வயதில் காலமானார்.

இதை வாசித்து முடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் பிறருடைய பலவீனத்தைத் தேடிப் போகவில்லை. தாம் ஏற்ற பாத்திரத்தையே சிரிப்புக்கு ஆளாக்கினார். நாங்களோ இயலாத ஒருவரைப் பார்த்துச் சிரித்தோம். இரண்டும் சிரிப்புத்தான், ஆனால் ஒன்று மனதை ஆற்றும், மற்றது மனதை நோகடிக்கும்.

நேற்றும் உம்மும்மா நான் யாரென்று கேட்டார். முகத்தைத் தொங்கப் போட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, உங்கள் பேத்தி என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இம்முறை நானும் அவருடன் சேர்ந்து சிரித்தேன்.