நாடியை நிறுத்தியவர் நாடி பிடித்த கதை

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன் ஒருவன் எழுதுவது)



யோகா என்றதும் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? தலைகீழாக நிற்பது. காலைத் தூக்கிக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொள்வது. ஜூன் 21 வந்தால் மைதானத்தில் பாயை விரித்து, வரிசையாக உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வது. இவ்வளவுதானே?

நானும் இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சிரசாசனம் போட்டு, கைதட்டலும் ஒரு எவர்சில்வர் டம்ளரும் பரிசாக வாங்கியவன் நான். அதே ஆள், இரண்டாம் ஆண்டில் இரண்டு அரியர் விழுந்ததும், ராத்திரி தூக்கம் வராமல் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தேன். தலைகீழா நிக்கத் தெரிஞ்சவனுக்குக் கண்ணை மூடிப் படுக்கத் தெரியலை! அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. நான் கற்றது யோகாவா, வெறும் சர்க்கஸா?

தினமும் மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறித் தரமணிக்கு வருகிறவன் நான். மந்தைவெளி ராமகிருஷ்ணா நகரில், நான்காவது குறுக்குத் தெருவில், கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் இருக்கிறது. எத்தனையோ தடவை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தூக்கமில்லாத அந்த நாட்களில்தான் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

புளிய மரத்தடியில் கிடைத்த புதையல்

திருமலை கிருஷ்ணமாச்சார்யா 1888 நவம்பர் 18-ஆம் தேதி, இன்றைய கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் முசுகுந்தபுரம் என்ற சிற்றூரில் பிறந்தார். வைணவக் குடும்பம். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்துக் கொடுத்த நாதமுனிகளின் வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் பரம்பரை. யோக சூத்திரத்தின் முதல் பாடத்தை அப்பாவிடம்தான் கேட்டார். சின்ன வயதிலேயே அப்பா காலமாகிவிட, குடும்பம் மைசூருக்குப் போனது. அங்கே பரகால மடத்தில் சேர்ந்து வேதமும் வடமொழியும் படித்தார்.

பதினாறு வயதில் நம்ம தமிழ்நாட்டுக்கு வந்தார். வந்த இடம் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வாரின் ஊர். நாதமுனிகள் எழுதியதாகச் சொல்லப்படும் யோக ரஹஸ்யம் என்ற நூல் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தொலைந்துபோனது. அங்கே தன்னை மறந்த நிலையில் இருந்தபோது அந்த நூல் முழுவதும் தன் காதில் விழுந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மறைந்துபோன நாலாயிரம் பாசுரங்களும் நாதமுனிகளுக்கு இதே ஊரில்தான் கிடைத்தன என்பது வைணவ மரபு. அந்த நூல் கிருஷ்ணமாச்சார்யாவே இயற்றியது என்று கருதும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் நிச்சயம்: அந்தப் பையனை ஒரு தேடல் பிடித்துக்கொண்டது.

காசி, பாட்னா, வங்காளம் என்று வடக்கே பல வருஷம் படித்தார். தர்க்கம், மீமாம்சை, வேதாந்தம், ஆயுர்வேதம் என்று ஒன்றையும் விடவில்லை. பிறகு இமயத்தைத் தாண்டி, மானசரோவர் பக்கம் ராமமோகன பிரம்மச்சாரி என்ற குருவிடம் ஏழரை ஆண்டுகள் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். இதற்கு வேறு ஆதாரம் கிடைக்கவில்லை என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். குரு கேட்ட தட்சணைதான் விசேஷம். பொன்னும் பொருளும் வேண்டாம். கல்யாணம் செய்துகொண்டு, குடும்பஸ்தனாக இருந்து, யோகத்தை நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுதான் தட்சணை!

பல மொழி, பல சாஸ்திரம் படித்த மேதை. எந்தச் சமஸ்தானத்திலும் பெரிய பண்டிதர் பதவி கிடைத்திருக்கும். பரகால மடத்தின் தலைமைப் பீடத்துக்கே அழைப்பு வந்தும் மறுத்துவிட்டார் என்கிறார்கள். 1925-இல் நாமகிரியம்மாவைத் திருமணம் செய்துகொண்டார். அந்தக் காலத்தில் யோகாவை நம்பி யார் சம்பளம் கொடுப்பார்கள்? ஹாசன் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்துக் குடும்பத்தை நடத்தினார். படித்த படிப்புக்கேற்ற வேலை கிடைக்கலையேன்னு புலம்புகிற நாம் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்கணும்.

அரண்மனை நாட்கள்

மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவருடைய திறமையைக் கண்டுகொண்டார். 1933-இல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கியது. அடுத்த ஆண்டே யோக மகரந்தம் என்ற அவருடைய கன்னட நூல் வந்தது. இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கும் யோகா வகுப்புகளில் பெரும்பகுதிக்கு வேர் அந்த அரண்மனைக் கூடத்தில் இருக்கிறது. பட்டாபி ஜோயிஸ் அவருடைய மாணவர். பி.கே.எஸ். அய்யங்கார் அவருடைய மாணவர் மட்டுமல்ல, நாமகிரியம்மாவின் தம்பியும்கூட. இந்திரா தேவி என்று பெயர் வைத்துக்கொண்ட ரஷ்யப் பெண்மணியும் 1930-களின் கடைசியில் அவரிடம் கற்றார். வெளிநாட்டுப் பெண் என்று முதலில் மறுத்தவர், மகாராஜா சொன்ன பிறகே சேர்த்துக்கொண்டார். பின்னாளில் இந்திரா தேவி 1947-இல் அமெரிக்கா போய், ஹாலிவுட்டில் யோகா பள்ளி நடத்தினார்.

அந்த நாட்களில் கிருஷ்ணமாச்சார்யா வேறு மாதிரி மனிதர். கடும் கண்டிப்பு. அவருடைய கோபத்தைப் பற்றி அய்யங்காரே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். யோகாவை மக்கள் மதிக்க வேண்டும் என்பதற்காக ஊர் ஊராகப் போய் வித்தைகள் காட்டினார். ஓடுகிற காரைக் கையால் நிறுத்தினார், பல்லால் பாரம் தூக்கினார் என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தன் நாடித்துடிப்பை நிறுத்திக் காட்டினார். 1930-களின் மத்தியில் தெரேஸ் புரோஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் கருவிகளோடு இந்தியாவுக்கு வந்து இவரைச் சோதித்துப் பார்த்தார்.

இதயம் நிஜமாகவே நின்றதா? நாம் டெக்னிகல் படிப்பு படிக்கிறவர்கள், கேட்காமல் விட முடியுமா? இப்படிச் செய்வதாகச் சொன்ன யோகிகளைச் சோதித்த அமெரிக்க, இந்திய விஞ்ஞானிகள் 1961-இல் முடிவை வெளியிட்டார்கள். மூச்சை அடக்கி, மார்புத் தசைகளை இறுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. அதனால் நாடி கைக்குத் தட்டுப்படாமல் போகிறது. ஆனால் ஈ.சி.ஜி.யில் இதயம் துடித்துக்கொண்டேதான் இருக்கிறது. இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் கதையின் ருசியான பகுதி இனிமேல்தான்.

மெட்ராஸ் வந்த பெரியவர்

1940-இல் மகாராஜா மறைந்தார். நாடு சுதந்திரம் பெற்றது, சமஸ்தானங்கள் போயின. 1950-இல் யோகசாலையை மூடிவிட்டார்கள். அறுபது வயதைத் தாண்டி, கையில் வேலை இல்லாமல் ஒருவர் நிற்கிறார். அப்போது சென்னையிலிருந்து அழைப்பு. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட பிரபல வழக்கறிஞர் ஒருவருக்குச் சிகிச்சை தர வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு மெட்ராஸ் வந்தவர் பிறகு இந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் யோகா சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வருகிறவர்களையும் பார்த்தார்.

இங்கே அரண்மனை இல்லை. கைதட்டக் கூட்டமும் இல்லை. வந்தவர்களோ ஆஸ்துமாக்காரர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், முதுகு வலிக்காரர்கள், மனசு சரியில்லாதவர்கள். எல்லாருக்கும் ஒரே பாடம் என்பது இங்கே செல்லாது. வந்தவரை உட்கார வைத்து நாடி பிடிப்பார். மூச்சைக் கவனிப்பார். சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் விசாரிப்பார். அப்புறம்தான் அவருக்கென்று தனியாக ஒரு பயிற்சி. ஒருவருக்குக் கையைத் தூக்கி இறக்குவது மட்டும். இன்னொருவருக்கு மூச்சு மட்டும். வேறொருவருக்கு மந்திரம் ஓதுவது. பிற மதத்தவர் வந்தால் அவரவர் தெய்வத்தையே நினைக்கச் சொல்வார். பெண்களுக்கு வேதம் ஓதக் கற்றுக்கொடுத்தார். அத்தனை ஆசாரமான வைணவர் அந்தக் காலத்தில் இதைச் செய்வது சாதாரண விஷயமா?

சிவில் மாணவனாக எனக்கு ஒன்று தோன்றியது. நாம் என்ன படிக்கிறோம்? மண் பரிசோதனை செய்யாமல் அஸ்திவாரம் போடாதே என்றுதானே? அடையாற்றுக் கரை மண்ணுக்குப் போடுகிற அஸ்திவாரத்தைப் பரங்கிமலைப் பாறைக்கு யாராவது போடுவார்களா? அவர் நாடி பிடித்தது அப்படி ஒரு மண் பரிசோதனை. தன் நாடியை நிறுத்தி ஊரை வியக்க வைத்தவர், அடுத்தவர் நாடியைப் பிடித்துக் கேட்கிறவராக மாறினார். இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

என்ஜினீயர் மகன்

அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார், 1938-இல் பிறந்தவர், நம்ம ஜாதி! பொறியியல் படித்தவர். அப்பாவின் யோகாவில் அவருக்கு அக்கறையே இல்லை. 1960-களின் தொடக்கத்தில் ஒரு காலை, வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. இறங்கிய நியூசிலாந்துப் பெண்மணி ஓடிவந்து, ஆசாரமான அந்தப் பெரியவரைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார். மகன் திகைத்துப்போனார். பல காலமாகத் தூக்கமே இல்லாமல் தவித்த அந்த அம்மா, முந்தின ராத்திரிதான் மாத்திரை இல்லாமல் தூங்கியிருக்கிறார். விஷயம் அவ்வளவுதான். ஆங்கிலம் சரியாகப் பேசாத தன் அப்பா, எங்கிருந்தோ வந்த ஒருவருக்கு இதை எப்படிக் கொடுத்தார் என்ற கேள்வி அந்த என்ஜினீயரை விடவில்லை. வேலையை விட்டுவிட்டு மாணவனாகச் சேர்ந்தார்.

அப்பா உடனே மகிழ்ந்துவிடவில்லை. விடியற்காலையிலேயே வரச் சொல்லிச் சோதித்தார். மகனும் ஒரு நிபந்தனை போட்டார். கடவுளைப் பற்றி எதுவும் வேண்டாம், யோகம் மட்டும் போதும். பெருமாள் பக்தரான தகப்பனார் அதற்கும் சம்மதித்தார். மாணவன் எங்கே நிற்கிறானோ அங்கிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும் என்பது சொந்த மகனுக்கும் பொருந்தியது. இதயத்தை நிறுத்தும் வித்தையை மட்டும் மகனுக்குச் சொல்லித்தர மறுத்துவிட்டார். அதனால் சமூகத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, அகங்காரம்தான் வளரும் என்பது அவர் கட்சி. எந்த வித்தை அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததோ, அதையே குப்பையில் போட்டார். இதற்கு எவ்வளவு மனசு வேண்டும்!

ஆசனம் ஒரு படிதான்

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் மொத்தம் 195 சூத்திரங்கள். சில பதிப்புகளில் 196. இதில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று! மற்றதெல்லாம் மனசைப் பற்றியது. படிகள் எட்டு: இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்யாகாரம், தாரணை, தியானம், சமாதி. நம்ம திருமூலரும் திருமந்திரத்தில் இந்த எட்டையும் பாடியிருக்கிறார். முதல் படியான இயமத்தில் வருபவை கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை போன்ற ஒழுக்கங்கள். ரெக்கார்டு நோட்டைக் காப்பி அடிப்பதும் களவில் சேரும் என்றால், நம்மில் பாதிப்பேர் முதல் படியிலேயே வழுக்கி விழுந்துவிடுவோம்!

கிருஷ்ணமாச்சார்யாவின் முறையில் ஆசனமும் மூச்சோடு சேர்ந்தது. கையைத் தூக்கும்போது மூச்சு உள்ளே, குனியும்போது வெளியே. மூச்சு நீளமாக, சீராக ஓடினால் உடம்பு தாங்குகிறது என்று அர்த்தம். மூச்சு தடுமாறினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். இதைப் படித்தபோதுதான் என் சிரசாசனத்தின் லட்சணம் எனக்கே புரிந்தது. மேடையில் நான் நின்ற அந்த இரண்டு நிமிஷமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, யார் யார் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன்.

நூறாண்டு

1965-இல் ஜே. கிருஷ்ணமூர்த்தி, தம் எழுபதாவது வயதில், தேசிகாச்சாரிடம் யோகா கற்கத் தொடங்கினார். கிரீன்வேஸ் ரோடு ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம் அங்கேயுள்ள அவருடைய வசந்த விஹார் எனக்கு ஞாபகம் வரும். 1976-இல் தேசிகாச்சார், அப்பாவின் பெயரில் யோக மந்திரத்தை நிறுவினார். பெரியவரோ தொண்ணூறு வயதுக்கு மேலும் படித்தார், எழுதினார், பாடம் சொன்னார். 96 வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது அறுவைச் சிகிச்சை வேண்டாமென்று, படுக்கையிலேயே தனக்கான பயிற்சியைத் தானே அமைத்துக்கொண்டார். 1989 பிப்ரவரி 28-ஆம் தேதி, நூறு வயது நிறைந்து, இதே சென்னையில் மறைந்தார். தேசிகாச்சார் 2016-இல் காலமானார்.

நண்பர்களே, இதைப் படித்ததும் என் அரியர் தானாகப் போய்விட்டது என்று கதை விடமாட்டேன். உட்கார்ந்து படித்துத்தான் போனது. ஆனால் இப்போது ஹாலுக்குள் போகுமுன் நானே என் மூச்சைக் கொஞ்சம் கேட்டுப் பார்க்கிறேன். அது வேகமாக ஓடினால் நான் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துவிடுகிறது. ராத்திரியும் அப்படித்தான். மொட்டை மாடி நடை குறைந்திருக்கிறது. வீடியோவைப் பார்த்து உடம்பை முறுக்காமல், முறையாக ஓர் ஆசிரியரிடம் கற்க வேண்டும் என்ற ஆசையும் வந்திருக்கிறது.

தேசிகாச்சார் மாதிரி நாமெல்லாம் வேலையை விட வேண்டாம். வேலை கிடைத்தாலே போதும் என்றிருக்கிற காலம் இது! ஆனால் பக்கத்துப் பெஞ்சில் ஒருவன் ராத்திரி தூங்காத கண்ணோடு உட்கார்ந்திருந்தால், அவனிடம் நம் பெருமையைக் காட்டாமல் அவன் நாடியைப் பிடித்துப் பார்க்கலாமே? என்னடா ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டாலும் போதும். அந்தப் பெரியவர் நூறாண்டு வாழ்ந்து நமக்குச் சொல்லிப்போன யோகம் அதிலும் இருக்கிறது.

மந்தைவெளிப் பக்கம் வந்தால் அந்தப் பெயர்ப்பலகையை ஒருமுறை நின்று படியுங்கள் நண்பர்களே!